வயிற்றுப் புண்ணும் ஒரு சிறு கிருமியும்



தோட்டப்புறங்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு சொல் 'கேஸ்ட்ரிக்'. "ஏன் மாமா, இன்றைக்குப் பிரட்டுக்கு வரவில்லை?" என்று கேட்டால், "கேஸ்ட்ரிக்டா தம்பி, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை" என்று பதில் வரும். சாப்பிட்ட பின் வயிறு ஊதினாலும் கேஸ்ட்ரிக். பசி வேளையில் மேல்வயிறு எரிந்தாலும் கேஸ்ட்ரிக். நெஞ்சை அடைத்தாலும் கேஸ்ட்ரிக். உடனே கடையில் ஒரு வெள்ளை மாத்திரை வாங்கி மெல்லுவோம். எரிச்சல் தணியும். நான்கு நாள் கழித்து மறுபடியும் வரும்.

இதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், ஆளுக்கொரு பதில் சொல்லுவார்கள். காலையில் பசியாறாமல் வெறும் கோப்பியோடு மரம் வெட்டப் போனதால் என்பார் ஒருவர். கவலையால் என்பார் இன்னொருவர். பெரும்பாலும் பழி வந்து விழுவது வீட்டுப் பெண்களின் தலையில்தான். "உன் குழம்புக் காரம்தான் என் வயிற்றைப் புண்ணாக்கியது" என்று கணவன் சொல்ல, அதைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்த தாய்மார்கள் எத்தனையோ பேர்.

இந்தப் பழியில் எவ்வளவு உண்மை? வயிற்றுக்குள் அமிலத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் யார்? அந்த ஏற்பாட்டைக் குலைக்கும் கிருமி எது? அது நம் குடும்பங்களில் மட்டும் ஏன் அதிகமாகக் காணப்பட்டது? அதற்கு நாம் செய்யக் கூடியது என்ன? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இரைப்பையைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அதை விளங்கிக்கொள்ள நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. ரப்பர் ஸ்டோரை நினைத்துக்கொண்டால் போதும். மங்குகளிலிருந்து வழித்து வாளியில் சேர்த்த பாலை ஸ்டோருக்குக் கொண்டுவந்ததும் என்ன செய்வார்கள்? தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, அளவாக ஆசிட் விடுவார்கள். பால் உறையும். ஆசிட் குறைந்தால் பால் சரியாக உறையாது. கூடினால் ரப்பரின் தரம் கெடும். எல்லாம் அளவில்தான் இருக்கிறது.

நம் இரைப்பையும் இப்படி ஆசிட் விடும் ஒரு தொட்டிதான். அதன் சுவரில் உள்ள ஒருவகை உயிரணுக்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. ஒரு நாளில் ஏறக்குறைய 2 லிட்டர் இரைப்பை நீர் சுரக்கிறது. உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை இந்த அமிலம் கொன்றுவிடும். புரதச் சத்தைச் செரிக்கவும் இது வேண்டும். ஆனால் அளவு மீறினால் நம் குடலையே அரித்துவிடும்.

அப்படியானால், 'இப்போது ஊற்று, இப்போது நிறுத்து' என்று சொல்லுவது யார்? ஸ்டோரில் அதற்கு ஆள் இருக்கிறார். இரைப்பையில் அந்த வேலையைச் செய்பவை இயக்குநீர்கள். இவற்றை ஆங்கிலத்தில் ஹார்மோன் என்பார்கள். ஓர் இடத்தில் சுரந்து, இரத்தத்தின் வழியே சென்று, வேறோர் இடத்தில் வேலையை நடத்தும் பொருளே இயக்குநீர். முன்காலத்தில் செரிமானம் முழுவதையும் நரம்புகளே நடத்துகின்றன என்று நம்பினார்கள். 1902-ஆம் ஆண்டில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு இங்கிலாந்து அறிஞர்கள், குடலில் சுரக்கும் ஒரு பொருள் இரத்தத்தின் வழியாகப் போய்க் கணையத்தை வேலை செய்ய வைக்கிறது என்று காட்டினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-இல், எட்கின்ஸ் என்ற அறிஞர் இரைப்பையின் கீழ்ப்பகுதியிலும் அப்படி ஒரு பொருள் இருக்கிறது என்றார். அதற்குக் 'காஸ்ட்ரின்' என்று பெயர் வைத்தார். பல பேர் அவர் சொன்னதை ஏற்கவில்லை. 1964-ஆம் ஆண்டில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கிரெகரி, டிரேசி என்ற இருவர் காஸ்ட்ரினைத் தூய வடிவில் பிரித்தெடுத்துக் காட்டிய பிறகே ஐயம் முற்றிலும் தீர்ந்தது.

காஸ்ட்ரின் வேலை செய்யும் முறை வியப்பானது. நாம் சோறும் மீனும் சாப்பிடுகிறோம். உணவு இரைப்பைக்குள் இறங்கியதும், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் உள்ள சில உயிரணுக்கள் காஸ்ட்ரினை இரத்தத்தில் விடுகின்றன. அது உடம்பெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் இரைப்பையின் மேல்பகுதிக்கு வருகிறது. அங்கே இருக்கும் வேறு சில உயிரணுக்களைத் தூண்டி, ஹிஸ்டமின் என்ற பொருளை வெளிவிடச் செய்கிறது. அந்த ஹிஸ்டமின்தான் அமிலம் சுரக்கும் உயிரணுக்களைத் தட்டி எழுப்புகிறது. காஸ்ட்ரினை வேலை வாங்கும் மண்டோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் குரல் கொடுத்தால் ஆட்கள் ஆசிட் ஊற்றுவார்கள்.

மண்டோர் மட்டும் இருந்தால் போதாது. "போதும், நிறுத்து" என்று சொல்ல ஒரு கணக்கரும் வேண்டும். அந்தக் கணக்கர் வேலையைச் செய்யும் இயக்குநீருக்குச் 'சோமடோஸ்டேடின்' என்று பெயர். காஸ்ட்ரின் சுரக்கும் உயிரணுக்களுக்குப் பக்கத்திலேயே இதைச் சுரக்கும் உயிரணுக்களும் இருக்கின்றன. இரைப்பையில் அமிலம் போதிய அளவு சேர்ந்ததும் இவை உணர்ந்துகொள்ளும். உடனே சோமடோஸ்டேடினை விடும். காஸ்ட்ரின் சுரப்பு அடங்கும், அமிலமும் குறையும். அடுத்த வேளைச் சாப்பாடு வரும்வரை தொட்டி அமைதியாக இருக்கும். நலமான உடம்பில் தினமும் நடப்பது இதுதான்.

இந்த ஒழுங்கைக் குலைக்கும் ஒரு கிருமி உண்டு. அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. பெயர் நீளமானது, கிருமியோ மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய முந்நூறு கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம். திருகாணியைப் போல முறுக்கிய உடம்பு. பின்னால் சில வால்கள். அந்த வால்களைச் சுழற்றிக்கொண்டு, இரைப்பைச் சுவரை மூடியிருக்கும் வழுவழுப்பான சளிப்படலத்தைத் துளைத்து உள்ளே போய்விடும்.

எல்லாக் கிருமிகளையும் கொல்லும் அமிலத்தில் இது மட்டும் எப்படி உயிர் வாழ்கிறது? இதற்கும் ரப்பர் ஸ்டோரிலேயே விடை இருக்கிறது. பால் உறையாமல் நீர்மமாகவே வைத்திருக்க வேண்டுமானால் என்ன சேர்ப்போம்? அமோனியா சேர்ப்போம். அந்தக் காரமான நெடி மூக்கில் ஏறியது தோட்டத்தில் வேலை செய்த யாருக்கும் மறக்காது. இந்தக் கிருமியும் அதையே செய்கிறது. நம் உடம்பில் இயல்பாக உள்ள யூரியாவை உடைத்து அமோனியாவைத் தயாரிக்கிறது. அமோனியா தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துவிடும். எனவே அமிலக் கடலுக்கு நடுவே, தனக்கென்று ஒரு சிறு பாதுகாப்புத் திட்டை அமைத்துக்கொண்டு கிருமி வாழ்கிறது. ஓராண்டு, ஈராண்டு அல்ல. மருந்து கொடுத்து விரட்டாவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அங்கேயே இருக்கும்.

கிருமி தங்கிய இடத்தில் இரைப்பைச் சுவர் அழற்சி அடைகிறது. பலருக்கு இந்த அழற்சி இரைப்பையின் கீழ்ப்பகுதியில்தான் அதிகம். நம் மண்டோரும் கணக்கரும் இருக்கும் இடம் அதுதான் அல்லவா? அழற்சியால் கணக்கர் தளர்ந்துபோகிறார், சோமடோஸ்டேடின் குறைகிறது. தடுக்க ஆள் இல்லாததால் மண்டோரின் குரல் ஓங்குகிறது, காஸ்ட்ரின் கூடுகிறது. இரைப்பையின் மேல்பகுதி நலமாக இருப்பதால், ஆட்கள் சொன்னபடி ஆசிட்டை ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். தேவைக்கு மேற்பட்ட அமிலம் இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலில் போய் விழுகிறது. அந்த இடம் இவ்வளவு அமிலத்தைத் தாங்கும்படி அமைந்ததல்ல. அங்கே சுவர் மாறுகிறது. மாறிய இடத்தில் கிருமியும் போய்க் குடியேறுகிறது. கடைசியில் புண் உண்டாகிறது. குடற்புண் என்பதும் அல்சர் என்பதும் இதுவே.

குடற்புண் உள்ளவருக்குப் பசி வேளையிலும் நடுச்சாமத்திலும் வலி வருவதன் காரணம் இப்போது புரியும். சாப்பாடு இருந்தால் அமிலம் அதில் கலந்து அடங்கும். வயிறு காலியாக இருக்கும்போது அது நேரே புண்ணில் படும். அதனால்தான் ஒரு கவளம் சோறோ, ஒரு ரொட்டியோ சாப்பிட்டால் சற்று நேரம் வலி தணிகிறது. 'பட்டினி கிடந்ததால் புண் வந்தது' என்று நம் பெரியவர்கள் எண்ணியதும் இதைக் கண்டுதான். பட்டினி வலியை வெளியே காட்டியது; புண்ணுக்கு அடிப்படையான காரணம் வேறு.

கிருமி எல்லாரிடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சிலருக்கு அழற்சி இரைப்பை முழுவதும் பரவுகிறது. அப்போது அமிலம் சுரக்கும் ஆட்களே மெலிந்து அழிந்துபோகிறார்கள். மண்டோர் எவ்வளவு கத்தினாலும் ஊற்ற ஆளில்லை. அமிலம் குறைந்துவிடுகிறது. இது நல்லதுதானே என்று எண்ண வேண்டாம். அமிலம் குறைந்தால் இரும்புச் சத்தும், பி12 என்ற உயிர்ச்சத்தும் உடம்பில் சரியாகச் சேருவதில்லை; சோகை வரும். நீண்ட காலம் இப்படியே இருந்தால், சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய்க்கும் அது வழியாகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 1994-ஆம் ஆண்டிலேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது.

அஞ்ச வேண்டாம். கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. நூறு பேரில் பத்து முதல் இருபது பேருக்கு வாழ்நாளில் புண் வரலாம். புற்றுநோய் வருவது ஒருவருக்கோ இருவருக்கோதான்.

இந்த உண்மைகள் எல்லாம் தெரியவந்த கதையும் சுவையானது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகர மருத்துவமனையில் ராபின் வாரன் என்ற மருத்துவர் இருந்தார். நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுத்த சிறு துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் வேலை. 1979-இல் அவர் அந்தத் துணுக்குகளில் வளைந்த கிருமிகளைக் கண்டார். அமிலம் உள்ள இடத்தில் கிருமி வாழாது என்று எல்லாரும் நம்பிய காலம் அது. 1981-இல் பேரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்க இருவரும் முயன்றார்கள். இரண்டு நாள் வைத்திருந்து, ஒன்றும் வளரவில்லை என்று தட்டுகளை எறிந்துவிடுவது வழக்கமாக இருந்தது. 1982-இல் ஈஸ்டர் விடுமுறை வந்தது. தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! அது மெதுவாக வளரும் கிருமி என்பது அப்போதுதான் தெரிந்தது.

அப்படியும் உலகம் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் துணிந்து ஒரு காரியம் செய்தார். கிருமி கலந்த நீரைத் தாமே குடித்தார். சில நாள்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன. குழாய் விட்டுப் பார்த்தபோது, நலமாக இருந்த இரைப்பை அழற்சி கண்டிருந்தது. கிருமியும் அங்கே இருந்தது. 2005-ஆம் ஆண்டில் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதற்கு முன்பெல்லாம் புண் வந்தால் பால் குடி, பத்தியம் இரு, கவலைப்படாதே என்பார்கள். மீறினால் இரைப்பையில் ஒரு பகுதியையே வெட்டி எடுப்பார்கள். 1970-களில் ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கும் சிமெடிடின் மாத்திரை வந்தது. அதைக் கண்டுபிடித்த சர் ஜேம்ஸ் பிளாக், 1940-களின் கடைசியில் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தவர் என்பது நமக்கு நெருக்கமான செய்தி. அந்த மாத்திரையால் புண் ஆறியது. நிறுத்தினால் பலருக்குத் திரும்பவும் வந்தது. மண்டோரின் குரலை அது மறித்ததே தவிர, அவரைக் கத்த வைத்த கிருமியை ஒன்றும் செய்யவில்லை.

இனி நம் குடும்பங்களுக்கு வருவோம். மலேசியாவில் இந்தக் கிருமியைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர்களில் மலாயாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோ கியான் லீயும், நுண்ணுயிரியல் பேராசிரியர் பராசக்தியும் முக்கியமானவர்கள். 1990-களில் கோலாலம்பூரில் வயிற்றுக் கோளாறோடு வந்தவர்களைச் சோதித்தபோது ஒரு வேறுபாடு தெரிந்தது. இந்தியர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் கிருமி இருந்தது. சீனர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இருந்தது. மலாய்க்காரர்களில் இருபது பேருக்கும் குறைவு. கிளந்தானில் மலாய்க்காரர்களிடையே கண்ட அளவு, உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று.

இது ஏன்? இரத்தத்திலோ சாதியிலோ உள்ள குறையா? இல்லவே இல்லை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, மலேசிய நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளின் மரபுக்கூறுகளை ஒப்பிட்டது. சீனர்களிடம் இருந்தவை கிழக்காசியக் கிருமிகளோடு ஒத்திருந்தன. இந்தியர்களிடம் இருந்தவை இந்தியாவில் உள்ளவற்றோடு ஒத்திருந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர், தகரப் பெட்டியோடும் பாயோடும் சேர்த்து, தம்மை அறியாமலே இந்தக் கிருமியையும் வயிற்றில் சுமந்து வந்தார்கள். மலாய்க்காரர்களில் சிலரிடம் கண்ட கிருமியும் இந்திய வகையையே பெரிதும் ஒத்திருந்தது. பலரும் அடுத்தடுத்து வாழும் நாட்டில் கிருமி வேலி பார்ப்பதில்லை.

வந்த கிருமி நிலைத்து நிற்கவும் வழி இருந்தது. இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்துக்குள்ளேயே தொற்றுவது. எச்சில், வாந்தி, மலம், அசுத்தமான நீர் ஆகியவை வழிகள் என்று கருதுகிறார்கள். சிரம்பான், ரந்தாவ், லிங்கி, பகாவ், கெமாஸ் பக்கத்துப் பழைய லயங்களை நினைத்துப் பாருங்கள். ஓர் அறையில் ஏழெட்டுப் பேர். பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். தாய் மரம் வெட்டப் போக, கைக்குழந்தைகள் எல்லாம் ஆயாக்கொட்டகையில் ஒன்றாகக் கிடந்தன. ஒரு குழந்தைக்கு வந்தால் இன்னொன்றுக்கு வர எவ்வளவு நேரமாகும்? 1966-இல் தொழிலாளர் வீட்டு வசதிக்கான சட்டமும், பின்னர் அதற்குப் பதிலாக 1990-இல் வந்த சட்டமும் வீட்டுக்கும் நீருக்கும் அளவுகோல் வகுத்தன. அதற்குள் பல தலைமுறைகள் அந்த லயங்களில் வளர்ந்து முடிந்திருந்தன.

எனவே, லயத்தில் பிறந்து வளர்ந்த பாட்டி இன்று நீலாயிலோ சிரம்பானிலோ தாமான் வீட்டில் இருக்கலாம். வீட்டில் நல்ல குழாய்த் தண்ணீர் வரலாம். ஆனாலும் அறுபது ஆண்டுகளுக்கு முன் தொற்றிய கிருமி அவர் வயிற்றில் இன்னும் இருக்கலாம். தோட்டத்தை விட்டு நாம் வெளியேறினாலும் அது நம்மை விட்டு வெளியேறுவதில்லை. குழந்தைகளிடம் இப்போது குறைந்து வருகிறது என்பது ஆறுதலான செய்தி.

இங்கே ஒரு புதிரும் உண்டு. கிருமி அதிகம் உள்ள இந்தியர்களிடையே இரைப்பைப் புற்றுநோய் குறைவு. கிருமி அவர்களைவிடக் குறைவாக உள்ள சீனர்களிடையே அது அதிகம். கிருமியின் வகை, உணவு, உடம்பின் இயல்பு என்று பல காரணங்கள் கலந்திருக்க வேண்டும். மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி என்ற அறுவை மருத்துவர், அரிசிச் சோறு உண்ணும் தென்னிந்தியாவில் குடற்புண் மிகுதி என்றும், கோதுமை உண்ணும் வட பகுதிகளில் குறைவு என்றும் எழுதினார். கிருமியோ இரண்டு இடத்திலும் உண்டு. ஆகவே கிருமி முக்கியக் காரணம். ஒரே காரணம் அல்ல.

காரத்தைப் பற்றி முன்பே கேட்டோம். புண் உள்ளவர் மிளகாய்ச் சம்பலைத் தின்றால் எரியும், அது உண்மை. ஆனால் குழம்பின் காரம் புண்ணை உண்டாக்குவதில்லை. ஆகவே சமைத்துப் போடுகிறவர் மீது பழி போடுவதை இன்றோடு விட்டுவிடலாம்.

உண்மையில் புண்ணை உண்டாக்கும் இன்னொரு பொருள் நம் வீடுகளில் தாராளமாகப் புழங்குகிறது. அது உடல்வலி மாத்திரை. நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து மரம் வெட்டியவர்களுக்கும், செம்பனைக் குலை அறுத்துச் சுமந்தவர்களுக்கும் முதுகும் முழங்காலும் வலிக்காமல் இருக்குமா? ஆஸ்பிரின், டைக்ளோஃபெனக் போன்ற மாத்திரைகள் வலியைக் குறைக்கும். அதே வேளையில் இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தையும் கெடுக்கும். வயிற்றில் கிருமியும் இருந்து, இந்த மாத்திரையையும் நாள்தோறும் விழுங்கினால், புண் வெடித்து இரத்தம் கசியும் ஆபத்துப் பல மடங்கு கூடுகிறது. சில ஜாமு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டு, சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. குடித்ததும் வலி பறந்துவிட்டது என்றால் அந்த மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். இதயத்துக்காக மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் நாமாக நிறுத்தக் கூடாது. அவரையே கேட்க வேண்டும். சம்சு குடிப்பதும் புகைப்பதும் வயிற்றுக்குப் பகையே.

இனி, கிருமி இருக்கிறதா என்று அறிவது எப்படி? மூச்சுச் சோதனை ஒன்று உண்டு. யூரியா கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, பிறகு ஒரு பையில் ஊதச் சொல்வார்கள். கிருமி யூரியாவை உடைத்தால் அதன் அடையாளம் மூச்சில் தெரியும். கிருமி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலையே அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது! மலத்தைச் சோதித்தும் அறியலாம். தேவையானால் வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பார்கள். அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் சோதனைக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சில மாத்திரைகளை இரண்டு வாரம் நிறுத்தினால்தான் சோதனை சரியாக இருக்கும்.

கிருமி இருந்தால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றும், கிருமிக்கொல்லி மருந்துகள் இரண்டோ அதற்கு மேலோ சேர்த்துக் கொடுப்பார்கள். இப்போது பொதுவாக 14 நாள் சாப்பிடச் சொல்லுகிறார்கள். வாய் கசக்கும், வயிறு சற்று இளகலாம். நான்காம் நாள் வலி நின்றதும் மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுவது நம் வழக்கம். அதைச் செய்யவே கூடாது. பாதியில் நிறுத்தினால் எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும். மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டு அக்காளுக்குக் கொடுப்பதும் உதவியாகாது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடியும் சோதிக்க வேண்டும். போய்விட்டால் கணக்கர் மீண்டும் நாற்காலியில் அமர்வார், காஸ்ட்ரின் அடங்கும், புண் ஆறும், பெரும்பாலும் திரும்பி வராது.

கடைசியாக, தள்ளிப்போடக் கூடாத சில அறிகுறிகளைச் சொல்லுகிறேன். வீட்டில் எல்லாரும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாகப் போனால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். அதைச் சாப்பிடாதவருக்குக் கறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்த வாந்தி, திடீரென்று பொறுக்க முடியாத வயிற்று வலி, தலைசுற்றி விழுதல் ஆகியவை இருந்தால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காரணமில்லாமல் உடல் மெலிவது, விழுங்கும்போது அடைப்பது, தீராத சோகை, நடுத்தர வயதுக்குமேல் புதிதாக வரும் வயிற்றுக் கோளாறு ஆகியவற்றையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாய் தந்தை, உடன்பிறந்தவர் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. நெஞ்சு இறுக்கி, வியர்த்து, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால் அது கேஸ்ட்ரிக் அல்ல, மாரடைப்பாக இருக்கலாம். வெள்ளை மாத்திரையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்து உயிரை இழந்தவர்கள் நம்மிடையே உண்டு. உடனே ஆம்புலன்சை அழையுங்கள்.

தாய்மார்களே, சாப்பிடுவதற்கு முன்னும் கழிப்பிடம் போய் வந்த பின்னும் பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் கைகழுவச் செய்யுங்கள். குடிநீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். உணவை மென்று குழந்தைக்கு ஊட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பல மாதமாக எரிச்சலோடு இருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த வேலையில்லா நாளில் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். கட்டணம் சிறிதுதான். "இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் டாக்டர்" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.